வடசென்னையில் தொலைநிலைக் கல்வி வளர, முதலில் எதற்குச் செலவு செய்ய வேண்டும்?

ஞாயிறு வகுப்பு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் ஒரு கல்லூரிக்குள் இயங்கும் கற்போர் உதவி மையத்தில் சனி, ஞாயிறுகளில் வணிகவியல் எடுக்கிறேன். தொலைநிலைப் படிப்புகளை விரிவாக்க என்ன செய்யலாம், சேர்க்கையை எப்படிக் கூட்டலாம் என்று பல்கலைக்கழகம் எல்லா மையங்களிடமும் யோசனை கேட்டிருக்கிறது. எங்கள் மையக் கூட்டத்தில் பேனர், ரேடியோ விளம்பரம், புதுப் படிப்புகள் என்றுதான் பேச்சு போனது. என் கருத்து வேறு. சேர்ந்தவர்கள் பாதியில் நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் முதலில் பணம் போட வேண்டும். சேர்க்கை அதன் பின்னால் வரும்.

நம் பக்கத்தில் ஒருத்தர் கரஸ்ல (தொலைநிலைப் படிப்பில்) சேர்ந்தால் தெருவுக்கே தெரியும். "பரீட்சை எழுதிட்டியா, முடிச்சிட்டியா" என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். அவர் முடித்தால் அதே தெருவில் நாலு பேர் விண்ணப்பம் வாங்குவார்கள். நின்றுபோனால் அந்த நாலு பேரும் வர மாட்டார்கள். எந்த பேனரும் இதைச் சரிசெய்யாது.

எங்கே நிற்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன். பாடம் கஷ்டம் என்று நின்றவர்கள் நான் பார்த்த வரையில் குறைவு. முதல் அசைன்மென்ட்டில்தான் நிற்கிறார்கள். புத்தகம் வந்திருக்கும், யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். எத்தனை பக்கம் எழுதணும், கோடு போட்ட தாளா வெள்ளைத் தாளா, முகப்பில் என்ன எழுதணும், தபாலில் அனுப்பலாமா நேரில் வரணுமா என்று எதுவும் தெரியாது. இதையெல்லாம் கேட்கக் கூச்சம். தேதி போய்விடும். அடுத்து எக்ஸாம் பீஸ் தேதி போகும், அபராதத்தோடு கட்டும் தேதியும் போகும். "அடுத்த செமஸ்டர் பாத்துக்கலாம்" என்பதோடு அந்தப் படிப்பு முடிந்துவிடும்.

தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது கணக்கு. 4 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். அதில் நாங்கள் வகுப்பெடுப்பது பத்தில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. மீதி நேரமெல்லாம் அவர் தனியாக இருக்கிறார், பெரும்பாலும் ஒரே அறை உள்ள வீட்டில், டிவி சத்தத்துக்கு நடுவில். அந்த நேரத்தில் அவரோடு யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் எழுதப்போகும் யோசனை இது. 50 மாணவருக்கு ஒரு வழிகாட்டி, அவருக்கு முறையான சம்பளம். புத்தகம் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன், அசைன்மென்ட் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு போன், எக்ஸாம் பீஸ் தேதிக்கு முன்னால் ஒரு போன். கரஸ்ல படித்தவர்கள், பாதியில் விட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எந்தக் கட்டத்தில் விட்டீர்கள், யார் என்ன செய்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள் என்று எழுதுங்கள்.

---

மணலி ஷிப்ட்

மேடம், நான் விட்டவன். பிபிஏ. மணலில கான்ட்ராக்ட் வேலை, வாரா வாரம் ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் முடிச்சு காலைல 7 மணிக்கு வீட்டுக்கு வந்து 10 மணிக்கு கிளாஸ்ல உக்காந்தா கண்ணு தானா மூடும். பி ஷிப்ட்னா மதியம் சாப்பாட்டு நேரத்தோட எழுந்து போயிடணும். ஞாயித்துக்கிழமை லீவுன்னு ஒரு டைம்டேபிள் போடறாங்க இல்லையா, அது எங்க ஏரியாவுல பாதிப் பேருக்குப் பொருந்தாது. ரிபைனரி, உரக் கம்பெனி, ஹார்பர், கன்டெய்னர் யார்டு எல்லாமே ஷிப்ட்தான்.

ஞாயிறு எடுக்கிற அதே கிளாஸை வாரநாள்ல ஒரு காலை, ஒரு சாயங்காலம் திருப்பி எடுங்க. எந்த ஷிப்ட்ல இருந்தாலும் மூணுல ஒண்ணு மாட்டும். நான் கேக்கறது இது ஒண்ணுதான்.

---

தரவுக்காரன்

இழை நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறது, ஆனால் போன் பண்ணும் யோசனை பெரிய எண்ணிக்கைக்குத் தாங்காது என்று நினைக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் பல்லாயிரம் பேர் தொலைநிலையில் படிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆள் வைத்து போன் பண்ண நிதி கிடைக்காது. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2020-ல் கொண்டுவந்த திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிக் கல்வி விதிமுறைகள் இணையவழிப் பாடத்தை நாலு பகுதியாகக் கேட்கின்றன. காணொலிப் பாடம், எழுத்துப் பாடம், கூடுதல் இணைய வளங்கள், தன்மதிப்பீட்டுத் தேர்வு. இந்த நாலையும் தொலைநிலை மாணவர்களுக்கும் தரமாகத் தமிழில் கொடுத்து ஒரே செயலியில் போட்டால் மணலி நண்பரின் ஷிப்ட் பிரச்சினை தீரும். அவர் ராத்திரி ரெண்டு மணிக்கும் பாடம் கேட்கலாம். 2017-லிருந்து ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையப் பாடத் தளமும் இருக்கிறது. ஒரு முறை செலவழித்தால் போதும், பல வருஷம் ஓடும்.

---

கொருக்குப்பேட்டை ரயில்கேட்

தம்பி, செயலி வேணாம்னு நான் சொல்லல. ஆனா நான் படிச்சு முடிச்சது எப்படின்னு சொல்றேன் கேளுங்க.

பி.ஏ. தமிழ் எடுத்தேன். ரெண்டு பிள்ளைங்க, வீட்டுக்காரர் லோடு வண்டி. முதல் அசைன்மென்ட் பயந்து பயந்து எழுதிக் குடுத்தேன். திரும்பி வந்தப்போ மூணாவது பக்கத்து ஓரத்துல சிவப்புப் பேனால ஒரு வரி எழுதியிருந்தாங்க: "கருத்து சரி. இங்கே பாடலிலிருந்து ஒரு வரி எடுத்துக்காட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்." அவ்வளவுதான். பத்தாம் கிளாஸ் முடிச்சதுக்கு அப்புறம் என் எழுத்தை ஒருத்தர் உக்காந்து படிச்சது அதான் முதல் தடவை. அந்தத் தாளை இன்னும் பீரோல வச்சிருக்கேன். அடுத்த அசைன்மென்ட்ல பாட்டு வரியைத் தேடித் தேடி எழுதினேன். அப்படியே மூணு வருஷம் ஓடிப்போச்சு.

என்கூட சேர்ந்த பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வேற பாடம், வேற சார். அவ தாள்ல மார்க் மட்டும்தான் இருந்துச்சு, ஒரு எழுத்துகூட இல்ல. எதுக்கு மார்க் கொறைஞ்சதுன்னே தெரியல அவளுக்கு. ரெண்டாவது வருஷம் வரல.

எங்க ரெண்டு பேருக்கும் புத்தகம் ஒண்ணு, பீஸ் ஒண்ணு. நடுவுல இருந்தது அந்தச் சிவப்பு மை மட்டும்தான்.

இன்னொண்ணு எக்ஸாம் சென்டர். ஒரு வருஷம் ஊருக்கு அந்தக் கோடில போட்டாங்க. காலைல பிள்ளைங்களுக்குச் சமைச்சு வச்சிட்டு, கேட் திறக்கற வரைக்கும் கூட்ஸ் வண்டியைப் பாத்துக்கிட்டு நின்னு, ஓட்டமா ஓடி உள்ள போனேன். ராயபுரத்துலயோ தண்டையார்பேட்டைலயோ சென்டர் போட்டா எங்க ஏரியாப் பொம்பளைங்க நிறைய பேர் எழுதுவாங்க.

---

வியாசை நூலகம்

அக்கா எழுதினதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

செயலி பற்றி ஒரு விஷயம். எங்கள் தெருவில் நிறைய வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கிறது. அது காலையில் வீட்டுக்காரரோடு வேலைக்குப் போய்விடும், ராத்திரி வந்தால் பிள்ளைகள் கைக்குப் போகும். படிக்கிற அம்மாவுக்கு அது கிடைப்பது பதினோரு மணிக்கு மேல். அதனால் அச்சுப் புத்தகத்தை யாரும் நிறுத்திவிடக் கூடாது, அதுவும் சேர்ந்த மாதத்திலேயே கையில் கிடைக்கணும்.

அடுத்த பிரச்சினை உட்கார இடம். வியாசர்பாடி, புளியந்தோப்பு குடியிருப்புகளில் ஒரு நாலு பேர் குடும்பத்தில் இருந்துகொண்டு 120 மணி நேரம் அமைதியாகப் படிப்பது நடக்கிற காரியம் இல்லை. 2024 நவம்பரில் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்ற படிப்பு மையம் திறந்ததும் அங்கே படிக்கிற பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்தால் இந்தப் பசி எவ்வளவு என்று புரியும். பல்கலைக்கழகம் புதுக் கட்டடம் கட்ட வேண்டாம். தன் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இரண்டு தொகுப்பு, கூடவே பழைய வினாத்தாள்கள், வடசென்னையின் கிளை நூலகங்களில் வைத்தால் போதும். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வழிகாட்டி அங்கே வந்து உட்காரட்டும். விண்ணப்பம், அசைன்மென்ட், ஹால் டிக்கெட் என எந்தச் சந்தேகமானாலும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அதே மேசை அடுத்த வருஷ சேர்க்கைக்கும் வேலை செய்யும்.

---

பழைய அஞ்சல்வழி

ஓய்வுபெற்ற பேராசிரியன். அஞ்சல்வழிப் பாடங்கள் எழுதியும் இருக்கிறேன், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் இருக்கிறேன். கொஞ்சம் பின்கதை சொன்னால் இன்றைய கேள்விக்கு உதவும்.

இந்தியாவில் முதன்முதலில் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது தில்லி பல்கலைக்கழகம், 1962-ல். தமிழ்நாட்டில் மதுரை எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது, சென்னைப் பல்கலைக்கழகம் 1981-ல். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) 1985, நம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002. தொடக்கத்தில் 'கல்வி' என்றால் தபாலில் வரும் குறிப்புகள்தான். கல்லூரி விரிவுரையை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினோம். படிப்பவர் எதிரில் இல்லை என்பதை அந்தக் குறிப்புகள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

பிரிட்டனில் 1969-ல் நிறுவப்பட்டு 1971-ல் மாணவர்களைச் சேர்த்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ரேடியோ, தொலைக்காட்சியால் பேர் வாங்கியது. ஆனால் அதைத் தாங்கி நிறுத்தியது வேறு ஒன்று. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசான் உண்டு. அசைன்மென்ட்டைத் திருத்தி, எழுத்தில் கருத்துச் சொல்லித் திருப்பி அனுப்புவது அவர் வேலையின் நடுநாயகமான பகுதி. கொருக்குப்பேட்டை அம்மா சொன்ன சிவப்பு மை அதுவேதான். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்யே ஹோல்ம்பெரி என்ற கல்வியியலாளர், தொலைநிலைப் பாடம் என்பது மாணவரோடு நடத்தும் வழிகாட்டும் உரையாடலாக இருக்க வேண்டும் என்று ஒரு கோட்பாடாகவே வகுத்தார். இக்னோ பாடநூல்களில் ஓர் அலகின் தொடக்கத்திலேயே நோக்கங்கள், நடுநடுவே 'உங்கள் முன்னேற்றத்தைச் சோதித்துப் பாருங்கள்' என்று கேள்விகள், கடைசியில் விடைக்குறிப்பு எல்லாம் இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

ஆகவே என் யோசனை: திருத்தும் ஆசிரியருக்குத் தாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் தொகையை உயர்த்துங்கள். கருத்து எழுதாமல் வெறும் மதிப்பெண் மட்டும் போட்ட தாளைத் திருப்பி அனுப்புங்கள். மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு அசைன்மென்ட்டுக்குப் போகிறது. அதைத் தேர்வுக்கு முந்தைய சடங்காக நடத்துவது மாணவருக்குச் செய்யும் அநீதி.

விரிவாக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் டுட்டோரியல், கணினி மையம், ஜெராக்ஸ் கடை மாடி என்று கண்ட இடத்தில் 'ஸ்டடி சென்டர்' பலகை தொங்கியது. பணம் வாங்கிக்கொண்டு சேர்க்கை மட்டும் போட்டார்கள். இன்றைய விதி இப்படித் தனியாருக்கு மையத்தை விட்டுக்கொடுக்கும் உரிமக்கிளையைத் தடை செய்கிறது. உதவி மையம் ஒரு கல்லூரிக்குள்தான் இருக்க வேண்டும், அந்தப் பாடத்தை நடத்துகிற கல்லூரியாகவும் இருக்க வேண்டும். இதைத் தடையாகப் பார்க்காதீர்கள். வடசென்னையில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன, வார இறுதியில் அவற்றின் வகுப்பறைகள் காலியாகத்தான் இருக்கின்றன.

---

எண்ணூர் அலை

எல்லாம் சரி. ஆனா கரஸ் டிகிரிக்கு மதிப்பு இல்லன்னு எங்க வீட்லயே சொல்றாங்க. கவர்மென்ட் வேலைக்குச் செல்லாதாம். காலேஜ் படிக்கிற பொண்ணுங்களுக்கு கவர்மென்ட் மாசா மாசம் குடுக்கிற புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் கரஸ்க்குக் கிடையாது. அப்புறம் ஏன் சேரணும்?

---

ஞாயிறு வகுப்பு

தங்கைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சந்தேகத்தோடுதான் பலர் விண்ணப்பத்தைக் கீழே வைக்கிறார்கள்.

அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், அங்கீகாரம் பெற்ற படிப்பைத் தொலைநிலையில் முடித்தால் அது நேரடிப் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் யூஜிசி இதை அறிவிப்பாகவே வெளியிட்டது. டிஎன்பிஎஸ்சி-க்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வரிசை முக்கியம்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம். பிளஸ் டூ முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் அரசு வேலையில் சிக்கல் வந்தது. பிளஸ் டூ இல்லையென்றால் தனித்தேர்வராக அதை முதலில் எழுதிவிடுங்கள், பிறகு சேருங்கள். சேர்க்கைக் கூடத்தில் இதைச் சொல்லாமல் கட்டணம் வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். மூன்று வருஷம் கழித்து அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வந்து நிற்கும்போது நம்மிடம் பதில் இருக்காது.

சேரும் முன் யூஜிசி தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் தளத்தில் மூன்றைப் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா, அந்தப் படிப்பு இருக்கிறதா, நீங்கள் சேரும் வருஷத்துக்கு அனுமதி இருக்கிறதா. பொறியியல், மருத்துவம், சட்டம் எல்லாம் தொலைநிலையில் கிடையாது. யாராவது தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

புதுமைப் பெண் உதவி நமக்கு இல்லை என்பது உண்மைதான், எனக்கும் அது உறுத்துகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பெண்ணுக்குத் தேவை அதிகமே தவிரக் குறைவில்லை. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பதால் வகுப்புக்கு வந்துபோகிற செலவாவது மிச்சம்.

தரவுக்காரன் சாருக்கு: செயலி வரட்டும். ஆனால் எனக்கு அதைவிட அவசரமாக உங்களைப் போன்றவர்களிடமிருந்து வேண்டியது ஒரு பட்டியல். என் மையத்தில் யார் இன்னும் அசைன்மென்ட் கொடுக்கவில்லை என்று கெடு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. முடிவதற்கு முன்னால் தெரிந்தால் அந்த ஆட்களுக்கு மட்டும் போன் பண்ணினால் போதும், எல்லோருக்கும் வேண்டாம்.

---

தரவுக்காரன்

அது எளிது. சமர்ப்பிப்புப் பதிவு ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. மையவாரியாகப் பிரித்து வாரம் ஒருமுறை தானாக மின்னஞ்சலில் வரும்படி செய்யலாம். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். எக்ஸாம் பீஸ் கட்டாதவர்கள் பட்டியலையும் அப்படியே எடுக்கலாம். நீங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது இதைத் தனியாகக் குறிப்பிடுங்கள், தொழில்நுட்ப விவரத்தை நான் எழுதித் தருகிறேன்.

---

காசிமேடு கரை

வணக்கம் மேடம். நான் லாஞ்சுல போறவன். +2 பாஸ், அதுக்கப்புறம் கடல்தான். நீங்க எல்லாரும் ஷிப்டைப் பத்தி எழுதுறீங்க, எங்களுக்குக் கடலுக்குப் போனா எப்ப வருவோம்னே தெரியாது. ஞாயித்துக்கிழமை கிளாஸ்னு எந்த நம்பிக்கைல சேருறது?

ஆனா வருஷத்துல ஒரு நேரம் எங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி லீவு. மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எதுவும் போவாது. போட் ரிப்பேர், வலை வேலை இருக்கும், ஆனா கரைலதான் இருப்போம், ராத்திரி வீட்டுலதான் தூங்குவோம். அந்த ரெண்டு மாசத்துல சாயங்காலம் சாயங்காலம் கிளாஸ் வச்சா எங்க பசங்க வருவாங்க. மே, ஜூன்ல பரீட்சை வருதுன்னு சொல்றாங்க, அப்ப படிச்ச சூட்டோட எழுதிட்டுப் போயிடலாம். தேதி மட்டும் ஜூன் 14-க்கு முன்னாடி முடியற மாதிரி பாருங்க. தடை முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி டீசல் போட்டு ஐஸ் ஏத்தி நிப்போம், அப்போ யாரும் பேனா புடிக்க மாட்டான்.

---

பழைய அஞ்சல்வழி

தம்பி, இத்தனை வருஷ கல்விக் குழுக் கூட்டங்களில் இப்படி ஒரு யோசனையை நான் கேட்டதில்லை. கல்வி ஆண்டு ஜூலை, ஜனவரி என்று இரண்டு சுற்றாக ஓடுகிறது. ஜனவரியில் சேர்ந்தால் உங்களுக்கு முதல் தேர்வு கோடையில் வரும், தடைக்காலம் அதற்குச் சரியாக முன்னால் விழுகிறது. மீனவர் பகுதிகளில் ஜனவரி சேர்க்கைக்குத்தான் போய் நிற்க வேண்டும், ஜூலையில் இல்லை. இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

---

மணலி ஷிப்ட்

அப்படியே டிசம்பர் எக்ஸாமையும் பாருங்க சார். எங்க பக்கம் மழைன்னா என்னன்னு 2023 மிக்ஜாம் புயல்ல எல்லாரும் பாத்தீங்க. வீட்டுக்குள்ள தண்ணி, எண்ணூர்ல தண்ணியோட எண்ணெய். டிசம்பர் பேப்பரை மழையால எழுத முடியாதவங்களுக்கு அரியர்னு போடாம, ஜனவரில மறு தேதி குடுக்கணும்.

---

கொருக்குப்பேட்டை ரயில்கேட்

நான் சொல்ல வந்ததும் அதேதான்.

மேடம், இன்னொரு விஷயம். என் தங்கச்சியைச் சேர்க்கப் போனேன், ஏதோ டெப் ஐடி எடுத்துட்டு வாங்கன்னு பிரவுசிங் சென்டர்க்கு அனுப்பினாங்க. அங்க ஆதார் பேர் ஒத்துப்போகலன்னு நிக்குது. அது என்ன?

---

ஞாயிறு வகுப்பு

அக்கா, 2024-லிருந்து தொலைநிலையில் சேரும் எல்லோருக்கும் அந்த அடையாள எண் கட்டாயம். முதலில் டிஜிலாக்கர் வழியாக ஏபிசி எண் (கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கு எண்) எடுக்கணும், அதை வைத்து யூஜிசி தளத்தில் டெப் ஐடி (தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் எண்) எடுக்கணும். ஒருமுறை எடுத்தால் போதும். நம் ஊரில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பேர் முழுசாக இருக்கும், அல்லது கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் பேர் ஏறியிருக்கும். தங்கச்சியை ஆதார் சேவை மையத்துக்குக் கூட்டிப்போய், மதிப்பெண் சான்றிதழில் இருப்பது போலவே பேரைத் திருத்தச் சொல்லுங்கள். போன் எண் ஆதாரில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். பிரவுசிங் சென்டரில் அவர்கள் போன் எண்ணைப் போட விடாதீர்கள்.

சேர்க்கை நேரத்தில் இதற்கென்றே ஒரு ஆள் மையத்தில் உட்கார வேண்டும் என்று கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

நான் அனுப்பப்போவது இதுதான்: கருத்து எழுதித் திருத்தினால்தான் திருத்தும் தொகை, அந்தத் தொகையும் உயர வேண்டும், அசைன்மென்ட் கொடுக்காதவர் பட்டியல் வாரா வாரம், அதை வைத்துப் போன் பண்ண ஒரு வழிகாட்டி, ஒரே வகுப்பு வாரத்தில் மூன்று வேளை, தேர்வு மையம் கடற்கரை–கும்மிடிப்பூண்டி ரயில் தடத்திலோ விம்கோ நகர் மெட்ரோ தடத்திலோ நடந்துபோகும் தூரத்தில், கிளை நூலகங்களில் புத்தகத் தொகுப்பு, டிசம்பரில் மழைக்கு மறு தேதி, காசிமேட்டுக்குத் தடைக்கால வகுப்பு. புதுப் படிப்புகள் பற்றி ஒரு பத்தி போதும் என்று நினைக்கிறேன். துறைமுகம், கிடங்கு, சரக்குப் போக்குவரத்து சார்ந்த ஒன்றைத் தமிழ்வழியில் தொடங்கலாம், இங்கே அதற்கு ஆள் இருக்கிறார்கள்.

காசிமேடு தம்பி, தடைக்கால வகுப்புக்கு அனுமதி கேட்க எனக்கு உத்தேசமாக எத்தனை பேர் வருவார்கள் என்று வேண்டும். +2 முடித்தவர்கள் எத்தனை, முடிக்காதவர்கள் எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியுமா? முடிக்காதவர்களைத் தனித்தேர்வு எழுத வைக்க வேறு ஏற்பாடு பார்க்கணும்.

---

காசிமேடு கரை

எங்க வார்ப்புல (படகுத்துறைல) விசாரிச்சிட்டு வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதறேன் மேடம். ரெண்டு பொண்ணுங்களும் கேட்டாங்க, மீன் ஏலம் எடுக்கறவங்க. அவங்களுக்குத் தடைக்காலம் இல்ல, வெளியூர் மீன் வந்துட்டேதான் இருக்கும். ஆனா மதியம் ரெண்டு மணிக்கு மேல ப்ரீயாம். அவங்க பேரையும் சேக்கலாமா?

---

ஞாயிறு வகுப்பு

சேருங்கள். மதிய வேளை வகுப்பு ஒன்றுக்கும் கேட்டுப் பார்க்கிறேன்.